மூச்சுப்பிடி அண்ணையின் சிவப்புத்தொப்பிக்காரன்

லண்டன் மாநகரத்தில் மூச்சு விடுவதற்கு அனுமதி கேட்க வேண்டிய வீடு ஒன்றே ஒன்றுதான். அது இல்ஃபோர்ட்டில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வீடு. அந்த வீட்டுக்காரருக்குத் தாய் தகப்பன் வைத்த நல்ல பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. தபால்காரரைத் தவிர வேறு ஒருவருக்கும் அது தெரியாது. எங்கள் சனத்துக்கு அவர் மூச்சுப்பிடி அண்ணை.

பெயர் வந்த காரணத்தை விளக்குவதைவிட, முதன்முதல் அவர் வீட்டுக்குப் போனபோது எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் குடிவந்த புதிது. மரியாதைக்கு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போய்க் கதவைத் தட்டினேன். பழத்தில் ஈரம் இருக்கிறதென்று அதை வாங்கி வாசலுக்கு வெளியே வைத்தார். என்னைக் குளியலறைக்குக் கூட்டிப்போய்ச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வைத்தார். துடைத்த கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு சோடி வெள்ளைக் கையுறை தந்தார். பிறகு முன்னறைக்குக் கூட்டிப்போய் ஒரு சின்னப் பெட்டியை மெல்லத் திறந்தார். மனைவியின் தாலிக்கொடியைக் காட்டப்போகிறார் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன்.

“மூச்சைப் பிடியுங்கோ தம்பி,” என்றார்.

“ஏனண்ணை?”

“உங்கட மூச்சில தண்ணி கிடக்கு.”

பிடித்தேன். உள்ளே, பிளாஸ்ரிக் உறைக்குள் இருந்தது ஒரு கடதாசி அட்டை. உள்ளங்கை அளவுதான். சிவப்புத் தொப்பி போட்ட வெள்ளைக்காரன் ஒருவன் தோளில் ஒரு கட்டையைச் சாய்த்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். அண்ணை அந்த அட்டையின் நாலு மூலைகளையும் ஒவ்வொன்றாக எனக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினார். மூன்றாவது மூலையில் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

அது பேஸ்போல் அட்டை. அமெரிக்காவில் ஒரு காலத்தில் சிறுபிள்ளைகள் வாங்கும் சுவிங்கத்தோடு விளையாட்டுக்காரரின் படத்தையும் இலவசமாகப் போட்டுக் கொடுத்தார்களாம். பிள்ளைகள் சுவிங்கத்தைச் சப்பிவிட்டு அட்டையைச் சைக்கிள் சில்லில் செருகிச் சத்தம் எழுப்பினார்கள், காற்சட்டைப் பைக்குள் கசக்கினார்கள். மிச்சத்தைத் தாய்மார் குப்பையில் கொட்டினார்கள். இத்தனைக்கும் தப்பி, நேற்று அச்சடித்தது போல இருக்கும் ஒன்றிரண்டு அட்டைக்குத்தான் இன்றைக்கு அங்கே அடிபிடி. லண்டனில் வீட்டு விலை ஏறுகிறது என்று நாங்கள் வாயைப் பிளக்கிறோம். அந்த அட்டைகளின் விலை ஏறுகிற வேகத்துக்கு முன்னால் எங்கள் வீடுகள் படுத்துக் கிடக்கின்றன.

யாழ்ப்பாணத்தில் பிறந்து, கொழும்பில் ஒளிந்து, அகதியாக வந்திறங்கிய மனிசருக்கு இந்த அட்டைகள் எப்படிக் கிடைத்தன? அதற்குக் காரணம் அவர் மனைவி மலர் அக்கா. ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானங்களில் சனங்கள் காரின் பின்கதவைத் திறந்துவைத்துப் பழைய சாமான்கள் விற்பார்கள் அல்லவா? அங்கே மலர் அக்கா அரிசிமாப் போட்டுவைக்க ஒரு பெரிய பிஸ்கற் ரின் வாங்கினார். வீட்டுக்கு வந்து திறந்தால் உள்ளே முழுக்க அட்டை. குப்பையில் கொட்டப் போனவரை அண்ணை தடுத்தார். அன்றைக்குப் பிடித்தது சனி என்று மலர் அக்கா சொல்லுவார். சுக்கிரன் என்று அண்ணை சொல்லுவார். ரின் என்னவோ இன்றைக்கும் மாவோடுதான் இருக்கிறது.

இதில் வேடிக்கை, அண்ணை தன் ஆயுளில் ஒரு பேஸ்போல் ஆட்டமும் பார்த்ததில்லை. எத்தனை பேர் விளையாடுவார்கள் என்றுகூடத் தெரியாது. கிரிக்கெற் சரிவராமல் போனவர்கள் விளையாடுவது என்பது அவருடைய உறுதியான கருத்து. ஒருநாள் நான் கொஞ்சம் கிண்டலாகக் கேட்டதற்கு, “நகைக்கடைக்காரர் எல்லாரும் தோடு போட்டுக்கொண்டே திரியினம்?” என்று திருப்பிக் கேட்டார். சந்தேகம் என்கிற வியாதி அந்த உடம்பை அண்டியதே இல்லை.

அவருடைய கணக்கில் உலகத்தில் எல்லாவற்றுக்கும் பத்துக்குள் ஒரு புள்ளி. அமெரிக்காவில் ஒரு கம்பனி இருக்கிறது. அட்டையை அங்கே அனுப்பினால் பூதக்கண்ணாடி வைத்து மூலை, விளிம்பு, மேற்பரப்பு எல்லாம் பார்ப்பார்கள். படம் அட்டையின் நட்ட நடுவில் அச்சாகியிருக்கிறதா என்று அளப்பார்கள். பிறகு ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு புள்ளி போட்டு, பிளாஸ்ரிக் கூட்டுக்குள் அடைத்துத் திருப்பி அனுப்புவார்கள். ஒன்பது என்றால் நல்ல விலை. பத்து என்றால் தலைகால் தெரியாத விலை. “ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில ஒரு வீடு கிடக்கு தம்பி,” என்பார்.

இந்தப் பழக்கம் அட்டையோடு நின்றிருந்தால் நாங்கள் தப்பியிருப்போம். எங்கள் சொந்தக்காரர் ஒருவர் மகளின் கலியாண அழைப்பிதழ் கொண்டுபோய்க் கொடுத்தார். வழக்கம்போல நாலு மூலையிலும் மஞ்சள் பூசியிருந்தது. அண்ணைக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. நல்ல அட்டையை ஏன் பழுதாக்கிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். அதோடு விடாமல், பிள்ளையார் இடப்பக்கம் ஒதுங்கி நிற்கிறார், இதற்கு ஆறுக்கு மேல் போடமாட்டேன் என்றும் சொன்னார். அந்த மனிசர் ஒரு வருசம் அவரோடு பேசவில்லை. அண்ணை அதைக் கவனிக்கவே இல்லை.

வீட்டுக்கு ஓமம் வளர்க்க ஐயர் வந்தபோது புகை வராமல் செய்ய ஏலுமா என்று கேட்டவரும் இவர்தான். பேச்சுவார்த்தையின் முடிவில் ஓமம் பின்தோட்டத்தில் நடந்தது. மழை தூறியது. நான் குடை பிடித்தேன், ஐயருக்கு அல்ல, நெருப்புக்கு.

இன்னொரு முறை சிவப்புத்தொப்பிக்காரனைப் பெட்டியோடு மார்பில் அணைத்துக்கொண்டு எலிசபெத் லைன் ரயிலில் போனார். முகத்தில் அவ்வளவு பவ்வியம். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி எழும்பி இடம் கொடுத்து, ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்தார். யாரோ செத்தவரின் சாம்பல் என்று நினைத்திருக்க வேண்டும். அண்ணை தலையைக் குனிந்து நன்றி சொல்லிவிட்டு இருந்துகொண்டார்.

சரி, சிரித்தது போதும். இந்தக் கூத்துக்கெல்லாம் விலை கொடுத்துக்கொண்டிருந்த ஒரு ஆள் அந்த வீட்டில் இருந்தார். எண்ணெய் பொரிந்தால் ஆவி போய் அட்டையில் படியும். சோறு கொதித்தால் நீராவியில் அட்டை வளையும். ஆகவே வீட்டுக்குள் சமையல் கூடாது. மலர் அக்கா பின்தோட்டத்தில், புல்லுவெட்டும் மெஷின் வைக்கிற மரக்கொட்டிலுக்குள், ஒரு காஸ் அடுப்பை வைத்துக்கொண்டு சமைத்தார். மார்கழிக் குளிரில் கம்பளித் தொப்பி, ஜக்கெற், காலில் பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு நின்று தோசை சுடுவார். வாசத்துக்கு ஒரு நரி தவறாமல் வந்து வேலியோரம் குந்தியிருக்கும். அதைப் பார்த்து அவர் பேசுவது எங்கள் வீட்டுக்குக் கேட்கும். “நீயாவது சூடாச் சாப்பிடு,” என்பார். ஏனென்றால் கொட்டிலிலிருந்து சாப்பாட்டு மேசைக்குப் போவதற்குள் எல்லாம் ஆறிவிடும்.

அவருக்கு ஒரே ஒரு ஆசைதான். வீட்டோடு ஒட்டின, கதவு சாத்தக்கூடிய, நின்று சமைக்க ஒரு குசினி. அண்ணையும் வாக்குக் கொடுத்திருந்தார். சிவப்புத்தொப்பிக்காரன் பத்துப் புள்ளி வாங்கட்டும், அவனை வித்து, வீட்டின் பின்பக்கத்தை நீட்டி, பெரிய யன்னல் வைத்து ஒரு குசினி கட்டித் தாறன் என்று. வருசக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் என்றால் அந்தக் காஸ் அடுப்பைக் கொண்டுபோய் முன்னறைக்குள் வைத்து நெத்தலி பொரித்திருப்பேன். மலர் அக்கா அந்த அட்டைக்காரனுக்காக நேர்த்தி வைத்தார்.

ஒருநாள் அமெரிக்க வியாபாரி ஒருவர் லண்டனுக்கு வந்து ஹோட்டலில் தங்கி அட்டைகள் பார்த்தார். அண்ணை என்னையும் கூட்டிப்போனார். அந்த மனிசர் சிவப்புத்தொப்பிக்காரனை லென்ஸ் வைத்துப் பார்த்தார், லைற்றை அணைத்துப் போட்டுப் பார்த்தார், பிறகு கதிரையில் சாய்ந்தார். அண்ணை சொல்லிக் கொடுக்காமலே அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததை நான் கண்டேன். இது பத்தாக இருக்கலாம் என்றார். அந்த இடத்திலேயே ஒரு விலையும் சொன்னார். குசினி என்ன, குசினிக்கு மேலே ஒரு அறையும் கட்டலாம். அண்ணை அவர் தோளில் தட்டி, புள்ளி வந்தபிறகு கதைப்போம் என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினார். வருகிற வழியெல்லாம் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் ரயிலில் கொட்டாவி விட்டுக்கொண்டு வந்தார்.

விசயத்தைக் கேட்ட மலர் அக்கா, தோசையைத் திருப்பியபடி, “குசினிக்கு அந்தக் காசு காணாதாமோ?” என்று மட்டும் கேட்டார்.

அட்டை அமெரிக்காவுக்குப் போக நாள் குறித்தாயிற்று. அதற்கு முதல்நாள் சரஸ்வதி பூசை. வருசா வருசம் பக்கத்து வீடுகள் எல்லாம் மலர் அக்கா வீட்டில் கூடுவோம். அவரவர் தொழிற் சாமான்களைச் சாமிப்படத்துக்கு முன்னால் வைப்போம். என் லப்ரொப், என் மனைவியின் தையல் மெஷின், யாரோ ஒருவரின் கார்த் திறப்பு, பிள்ளைகளின் புத்தகங்கள். மலர் அக்கா ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தார். வீட்டுக்குள் கற்பூரத்துக்கு அனுமதி இல்லை, மின்சார விளக்குத்தான். அண்ணை பார்சல் ஒட்டுகிற ரேப் வாங்கக் கடைக்குப் போயிருந்தார்.

அவர் திரும்பி வந்தபோது நாங்கள் தேவாரம் பாடி முடித்துக் கடலைக்குக் காத்திருந்தோம். சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தவர் அப்படியே நின்றார். அவர் கண் போன இடத்தை நானும் பார்த்தேன். என் லப்ரொப்புக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில், ஒரு வெற்றிலையின் மேல், பிளாஸ்ரிக் உறை இல்லாமல், சிவப்புத்தொப்பிக்காரன் சாய்ந்திருந்தான். தொப்பி விளிம்புக்குக் கீழே நெற்றியில் வட்டமாகச் சந்தனம். சந்தனத்தின் நடுவில் குங்குமம். எங்கள் கோயில் திருவிழாவுக்கு வந்த வெள்ளைக்காரன் போல மங்களகரமாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

என் மனைவி பிள்ளைகளை மெல்லக் கதவுப்பக்கம் நகர்த்தினாள்.

“இஞ்சருமப்பா,” என்றார் அண்ணை, மிக மெதுவாக. “இதை ஏன் உறையால வெளியில எடுத்தனீர்?”

மலர் அக்காவுக்கு அந்தக் குரலில் ஒன்றும் தெரியவில்லை. “பிளாஸ்ரிக்குக்குப் பொட்டு வைச்சா, பலன் பிளாஸ்ரிக்குக்கல்லோ போகும்?” என்றார். “பயப்பிடாதேங்கோ. கையுறை போட்டுத்தான் எடுத்தனான். மூச்சும் விடேல்லை.”

இத்தனை வருசமாக அண்ணை போட்ட சட்டங்களில் ஒன்றையும் அந்த மனுசி மீறவில்லை. அட்டையில் பொட்டு வைக்கக்கூடாது என்று ஒரு சட்டம் போட அவருக்குத்தான் தோன்றவில்லை. யாருக்குத் தோன்றும்?

அண்ணை கிட்டப் போனார். குனிந்து பார்த்தார். நாங்கள் வெடிக்கப்போகிற பட்டாசைப் பார்ப்பதுபோல நின்றோம். அவர் மலர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். அதில் இருந்த சந்தோசத்தை நானும் பார்த்தேன், சத்தியமாகச் சொல்கிறேன், அதை உடைக்க எனக்கும் மனம் வந்திராது.

“நட்ட நடுவிலதான் வைச்சிருக்கிறீர்,” என்றார். பிறகு கடலைக்குக் கை நீட்டினார்.

பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருந்தார், தேத்தண்ணி வேண்டாம் என்றார். துடைத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். துடைத்தால் இன்னும் பரவும், கடதாசி குடித்துவிட்டது என்றார். இப்போது அனுப்பினால் என்ன புள்ளி வரும் என்று கேட்டேன். ஒன்றுகூட வராது என்றார். எனக்கு மலர் அக்காமேல் கோபம் வந்தது, அதையும் வாய்விட்டுச் சொன்னேன்.

அண்ணை கையைக் காட்டி என்னை நிறுத்தினார். “தன்ர குசினியைத் தானே அழிச்சுப்போட்டன் எண்டு அவவுக்கு ஒருநாளும் தெரியக்கூடாது தம்பி,” என்றார். “அது தெரிஞ்சா அவ சாமியையும் கும்பிடமாட்டா, சோறும் தின்னமாட்டா.”

அடுத்த நாள் பார்சல் ஒட்டுகிற சத்தம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது. போனது சிவப்புத்தொப்பிக்காரன் அல்ல. முன்னறையில் இருந்த மற்றவர்கள் எல்லாரும் போனார்கள். நீலத்தொப்பிக்காரர், மீசைக்காரர், பந்து எறிகிறவர், எட்டுப் புள்ளிக்காரர், ஒன்பது புள்ளிக்காரர் என்று பெட்டி பெட்டியாக அந்த அமெரிக்க வியாபாரியிடமே போய்ச் சேர்ந்தார்கள். சிவப்புத்தொப்பிக்காரன் ஒருத்தனுக்குக் கிடைத்திருக்க வேண்டிய விலைக்கு அத்தனை பேரும் சேர்ந்தும் எட்டவில்லை. ஆனால் குசினிக்கு எட்டியது.

பிறகு ஒருநாள் அண்ணை கொட்டில் வாசலில் போய் நின்று, “பத்து,” என்றார். மலர் அக்கா அகப்பையைக் கீழே வைத்துவிட்டு அழுதார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். இவ்வளவு பெரிய பொய்யை ஒற்றைச் சொல்லில் சொல்லி முடிக்கிற திறமை எனக்கு இல்லை.

குசினி எழும்பியது. கட்டிய போலந்துக்காரர் ஒவ்வொரு ஓட்டின் மூலையையும் அண்ணை லென்ஸ் வைத்துப் பார்த்ததால் இரண்டு தரம் வேலையை விட்டுப் போய்த் திரும்பி வந்தார். பெரிய யன்னல் வந்தது. பால் காய்ச்சிய அன்றைக்கு மலர் அக்கா எண்ணெய்ச் சட்டியை வைத்து வடை, வாய்ப்பன், மிளகாய்ப் பொரியல் என்று தெரு முழுக்க மணக்க மணக்கப் பொரித்தார். அண்ணை நடுவில் நின்று, ஓட்டுக்கு ஒன்பது, யன்னலுக்கு எட்டு என்று புள்ளி போட்டுக்கொண்டிருந்தார். பார்த்தவர்கள் எவரும் அந்த மனிசர் தன் சேகரிப்பு முழுவதையும் தொலைத்துவிட்டு நிற்கிறார் என்று நம்பமாட்டார்கள்.

தொல்லை வேறு பக்கத்தால் வந்தது. தன் கையால் பொட்டு வைத்த அட்டைக்குப் பத்து வந்தது என்று மலர் அக்கா கோயிலில் நாலு பேரிடம் சொல்லிவிட்டார். அந்த நாலு பேரும் சும்மா இருக்கிற ஆட்களா? கார் ஓட்டும் சோதனைக்குப் போகிறவர்கள், விசாவுக்குக் காத்திருக்கிறவர்கள், வீட்டுக்கடன் கேட்டவர்கள் எல்லாரும் கடதாசியைத் தூக்கிக்கொண்டு அக்காவின் கைராசிக்கு வரிசையில் நின்றார்கள். அண்ணை அதைப் பார்த்துப் பொறுத்துக்கொண்டார். ஆனால் வால்தம்ஸ்டோவிலிருந்து ஒருவர், தகப்பன் காலத்துக் கிரிக்கெற் அட்டைகளை ஒரு கசங்கலும் இல்லாமல் அல்பத்தோடு கொண்டு வந்தபோது அவருக்குப் பொறுக்கவில்லை. வாசல் படலையிலேயே மறித்து, அக்காவுக்குக் காய்ச்சல், கையைத் தூக்க ஏலாது என்று சொல்லி, அந்த மனிசரை ஸ்ரேசன் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

இதையெல்லாம் இப்படிப் பத்திரிகையில் எழுதலாமா என்று நீங்கள் கேட்பீர்கள். தாராளமாக எழுதலாம். அண்ணை இந்த இதழை வாரம் தவறாமல் வாங்குகிறவர்தான். ஆனால் பிரிக்கமாட்டார். பிரித்தால் முதுகு மடியும், புள்ளி குறையும் என்று அப்படியே உறையில் போட்டுவைத்துவிடுவார்.

மலர் அக்கா படிப்பாரே என்றால், அதற்கும் பதில் இருக்கிறது. போன கிழமை அவருடைய குசினிக்குள் இருந்தபடி மீன்பொரியலோடு சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அண்ணை தோட்டத்தில் நின்றார். பொரியலைப் புகழ்கிற சாட்டில், உங்கட கைராசியால வந்த குசினி அல்லவா என்று நான் சொல்லி வைத்தேன். மலர் அக்கா யன்னலால் அவரைப் பார்த்தார்.

“அந்த அட்டை இவற்ற சேட்டுப் பொக்கற்றுக்குள்ளதான் இருக்கு,” என்றார். “உறையும் இல்லை, ஒண்டும் இல்லை. சேட்டுத் தோய்க்கேக்க எடுத்து வைச்சிட்டு, காய்ஞ்சதும் திரும்ப வைச்சுவிடுறனான். மூலையெல்லாம் மழுங்கிப் போச்சு. பொட்டு மட்டும் இன்னும் கிடக்கு.”

அப்படியென்றால் நடந்தது முழுவதும் தெரியுமா என்று கேட்டேன்.

“கனநாளாத் தெரியும். நான் வைச்ச பொட்டால வந்த வினை எண்டும் தெரியும்,” என்றார். “கலியாணம் கட்டின நாளிலயிருந்து இந்த மனுசன் எனக்கு ஒரு பொய் சொன்னதில்லை தம்பி. இந்த ஒரு பொய்யைத்தான் கஷ்டப்பட்டுக் காப்பாத்திக்கொண்டு திரியிறார். அதை நான் ஏன் குழப்புவான்?”

அண்ணை உள்ளே வந்தார். மலர் அக்கா இருந்ததில் பெரிய மீன்துண்டை எடுத்து அவர் சோற்றுக் கோப்பையில் வைத்தார். அவர் மார்பில் கிடந்த சேட்டுப் பொக்கற்றை ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டுச் சாப்பிட இருந்தார். இந்த இரண்டு பேருக்கும் பக்கத்து வீட்டில் இருக்கக் கிடைத்ததற்காகவே நான் இல்ஃபோர்ட்டை விட்டு வேறெங்கும் போகமாட்டேன்.